பாத்தியும் பத்திரமும்

நம் முன்னோர் வீடு கட்டும்போது முன்புறம் திண்ணையும் பின்புறம் கொல்லையும் விட்டுக் கட்டினர். திண்ணை வழிப்போக்கனுக்கு, கொல்லை வீட்டுக்காரிக்கு. குழம்புக்குக் கறிவேப்பிலை, பிள்ளை பெற்றவளுக்கு முருங்கைக்கீரை, கூரைமேல் ஏறிப் படரும் பூசணி, பாத்திரம் கழுவிய நீரில் தழைக்கும் வாழை, இவற்றுக்காகக் குடும்பத் தலைவி காசை எண்ணிக்கொண்டு கடைக்குப் போனதில்லை. இன்றோ மூன்று சென்ட் மனை கிடைப்பதே பெரும்பாடு. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் தொகுப்பு வீடுகளில் கொல்லைக்கு இடம் ஏது? திண்ணை மறைந்ததால் விருந்தோம்பல் குறைந்தது என்று வருந்துவோர் பலர். கொல்லை மறைந்ததால் குடும்பம் இழந்தது என்ன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

கொல்லையற்ற குடும்பங்கள் ஒன்றுகூடி, ஊராட்சியிடமோ, ஆலயத்திடமோ, தனியாரிடமோ ஒரு நிலத்தைப் பெற்று, அதனை அளந்து பகுத்து, வீட்டுக்கொரு பாத்தி என்று காய்கறி பயிரிட்டுக்கொள்ளும் முறை மேல்நாடுகளில் நூறாண்டுகளுக்கு மேலாக நிலவி வருகிறது. அதற்கெனச் சங்கங்கள் உண்டு, சட்டங்களும் உண்டு. அச்சங்கங்களுள் புகழ்பெற்ற ஒன்றை நிறுவியவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். அவருடைய வரலாற்றை ஈண்டு எழுத முற்பட்டமைக்குக் காரணம் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் பணியாற்றும் பங்கில், அவர் அன்று சந்தித்த அதே கேள்வி இன்று எங்கள் முன் நிற்கிறது. பிறர் நிலத்தில் ஏழைக் குடும்பம் இடும் பாத்தி எத்தனை நாள் நிலைக்கும்? இதுவே அக்கேள்வி.

பிரான்சு நாட்டின் வடகோடியில், பெல்ஜிய எல்லையை அடுத்து, ஆஸ்புரூக் என்னும் சிறு நகரம் இருக்கிறது. அதற்கு அணித்தான ஒரு சிற்றூரில், 1853ஆம் ஆண்டு, உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் ஜூல் லெமீர். 1878இல் குருப்பட்டம் பெற்று, ஆஸ்புரூக் நகரிலேயே ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1893இல் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தனர். அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் அவை கூடியிருந்தபோது ஒருவன் வெடிகுண்டு வீசினான். காயமுற்றோருள் லெமீர் அடிகளாரும் ஒருவர். அக்காயத்தோடு தொடங்கிய பொதுவாழ்வு, 1928இல் அவர் இறக்கும் வரை நீடித்தது.

அது நெசவாலைகளும் சுரங்கங்களும் பெருகிய காலம். உழவை விட்டு நகருக்கு வந்தவன் நாளெல்லாம் ஆலையில் உழைத்தான். மாலையில் காற்றும் வெளிச்சமும் புகாத ஓர் அறைக்குத் திரும்பினான். அவ்வறையில் இருப்புக் கொள்ளாமல் சாராயக் கடைக்குப் போனான். 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடல், உழைப்பவன் தன் கூலியில் மிச்சம் பிடித்துச் சிறு உடைமையேனும் பெற வழி வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தது. கற்றோர் பலர் அம்மடலை வாசித்தனர், பாராட்டினர். ஆயினும், உடைமை என்பதை ஓர் ஆலைத் தொழிலாளியின் கையில் எவ்வாறு கொண்டு சேர்ப்பது?

இதற்கு விடை தேடியவர்களுள் லெமீர் முதல்வர் அல்லர். செதான் நகரில் ஃபெலிசி எர்வியூ என்னும் அம்மையார், வறிய குடும்பங்களுக்குக் காசை ஈவதற்குப் பதிலாக நிலத்தையும் விதையையும் எருவையும் கொடுத்துப் பார்த்தார். சேந்த் எத்தியேன் நகரில் இயேசு சபைக் குரு வோல்பெத் அடிகளார், சுரங்கத் தொழிலாளருக்குத் தோட்டங்கள் அமைத்தார். இவை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. நல்ல மனம் படைத்த ஒருவர் இருக்கும் வரை நடக்கும். அவருக்குப் பின் நடக்குமா என்பது ஐயமே.

லெமீர் அடிகளார் செய்தது யாதெனில், இம்முயற்சிகளைச் சங்கமாக ஒருங்கிணைத்ததுதான். 1896 அக்டோபர் 21ஆம் நாள் அவர் தொடங்கிய அமைப்பின் பெயரைத் தமிழில் சொல்வதானால், 'நிலத்துண்டும் அடுப்படியும்' எனலாம். அவர்கள் மொழியில் அடுப்படி என்ற சொல்லுக்கு இல்லம் என்பதே பொருள். நிலம் ஓரிடம், இல்லம் ஓரிடம் என்று பிரிந்து கிடக்கும் தொழிலாளிக்கு, இரண்டையும் மீண்டும் சேர்த்து வைப்பதே நோக்கம் என்பதைப் பெயரே கூறிவிடுகிறது. தோட்டம் கணவனுக்கு மட்டும் உரியதன்று. மனைவியும் மக்களும் சேர்ந்து உழைக்கும் இடம். அதன் விளைச்சல் முதலில் அவ்வீட்டுப் பானைக்கே போகவேண்டும். ஏழையின் சிறு வீட்டையும் நிலத்தையும் கடன்காரன் பறிமுதல் செய்யாதபடி காக்கும் சட்டம் 1909இல் அந்நாட்டில் நிறைவேறியது. அதற்காக அவையில் உழைத்தவர்களுள் லெமீர் முன்னணியில் நின்றார்.

இனி வருவதை வாசகர்கள் கருத்தூன்றி நோக்க வேண்டுகிறேன். அரசியல் காரணங்களால் லெமீருக்கும் அவருடைய ஆயருக்கும் பிணக்கு ஏற்பட்டது. 1914இல் அவர் திருப்பலி நிறைவேற்றும் உரிமையை இழந்தார். 1916இல் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அத்தடையை நீக்கினார். இடைப்பட்ட காலத்தில் நிறுவனரே திருச்சபைக்குள் ஒதுக்கப்பட்டவராய் இருந்தார்; நாடோ முதல் உலகப் போரில் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் தோட்டங்கள் நின்றுவிடவில்லை. காரணம், பாத்திகள் லெமீரின் தயவில் இருக்கவில்லை. சங்கத்தின் ஒழுங்கில் இருந்தன. குருவானவர் கீழே விழுந்தபோதும் கொடி கீழே விழவில்லை. பந்தல்கால் வேறாக ஊன்றப்பட்டிருந்தது.

அச்சங்கம் இன்றும் குடும்பத் தோட்டங்களின் கூட்டமைப்பாக வாழ்கிறது. முதலில் 'தொழிலாளர் தோட்டங்கள்' என வழங்கியவை, 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் 'குடும்பத் தோட்டங்கள்' ஆயின. சொந்தக் குடும்பத் தேவைக்கே பயிரிட வேண்டும், வணிகம் கூடாது என்பது இன்றும் அங்கே விதி. இதில் இன்னொரு பாடமும் உண்டு. போர்க்காலத்தில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது இத்தோட்டங்கள் பல மடங்கு பெருகின. போர் முடிந்து நகரங்கள் விரிந்தபோது, காய்கறிப் பாத்திகள் இருந்த இடங்களில் அடுக்கு வீடுகளும் சாலைகளும் எழுந்தன. பசிக்காலத்தில் தேடப்படும் தோட்டம், நிலத்தின் விலை ஏறும்போது முதலில் பலியாகிறது.

இந்த உண்மையை அறிந்து முன்கூட்டியே வேலி கட்டியவர்கள் ஆங்கிலேயர். ஊர்ப் பொதுநிலங்களைப் பெருநிலக்கிழார்கள் வளைத்துக்கொண்ட பின், நிலமிழந்த கூலிக்காரனுக்குச் சிறு துண்டு கொடுக்கும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. அது பல்லாண்டுகள் நிலக்கிழாரின் மனம் போல நடந்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டமோ, மக்கள் கேட்டால் தோட்டத்துண்டு வழங்குவது உள்ளாட்சியின் கடமை என்றாக்கியது. 1925ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்துக்கென வாங்கிய நிலத்தை அமைச்சரின் இசைவின்றி உள்ளாட்சி விற்கலாகாது என்று தடுத்தது. அங்கே ஒரு குடும்பத்தின் துண்டு வழக்கமாகப் பத்து 'ராட்'. நம் கணக்கில் ஆறேகால் சென்ட். அதற்கு ஆண்டு வாடகை உண்டு.

ஜெர்மனியின் லைப்சிக் நகரக் கதை சற்று வேடிக்கையானது. ஷ்ரேபர் என்னும் மருத்துவர், நகரத்துச் சிறுவர்கள் திறந்தவெளியில் விளையாட வேண்டும் என்று எழுதிவந்தார், 1861இல் மறைந்தார். அவர் பெயரால் 1864இல் ஓர் ஆசிரியர் சங்கம் நிறுவி விளையாட்டுத்திடல் அமைத்தார். பின்னர் மற்றோர் ஆசிரியர், திடலின் ஓரத்தில் பிள்ளைகளுக்கென்று பாத்திகள் வெட்டிக் கொடுத்தார். பிள்ளைகளுக்குச் சில நாளில் சலித்துவிட்டது, களை மண்டியது. அதைக் கண்டு பொறுக்காத பெற்றோர் தாமே மண்வெட்டியை எடுத்தனர். அன்று முதல் அவை குடும்பத் தோட்டங்களாயின. ஒரு பாத்திகூடப் போடாத மருத்துவரின் பெயர் இன்று அந்நாட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் வழங்குகிறது. 1983ஆம் ஆண்டின் சட்டம், துண்டொன்று 400 சதுர மீட்டருக்கு மேற்படலாகாது என்று வரையறுப்பதோடு, காரணமின்றிக் குத்தகையை முறிப்பதினின்றும் தோட்டக்காரரைக் காக்கிறது.

'குளிர்நாட்டுக் கதை வெயில்நாட்டுக்கு உதவுமா?' என்று சிலர் வினவலாம். பிலிப்பைன்ஸ் நாட்டில், நம்மைப் போன்றே வெயிலும் புயலும் உள்ள ககயான் தே ஓரோ நகரில், இயேசு சபையாரின் சவேரியார் பல்கலைக்கழகம் 2003இல் இத்தகைய தோட்டங்களைத் தொடங்கி வைத்தது. நகரத்து ஏழைக் குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து, துண்டு துண்டாகப் பயிரிட்டு, குப்பையை எருவாக்கிக் காய்கறி விளைவித்தனர்.

நம் மண்ணும் இதற்குப் புதியதன்று. கீழத்தஞ்சையில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையாரும் அவர்தம் கணவரும் 1981இல் 'லாஃப்டி' என்னும் இயக்கத்தைத் தொடங்கி, நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு நிலம் பெற்றுத் தந்தனர். அவர்கள் கடைப்பிடித்த வழக்கம், பத்திரத்தைப் பெண்ணின் பெயரில் எழுதுவது. நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே, 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்த நாட்களில், கல்லுடைக்கும் பெண்கள் குழுக்களாகச் சேர, குவாரிக் குத்தகையை மாவட்ட நிர்வாகம் அவர்கள் பெயருக்கே வழங்கியது. முன்னர் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு உடைத்த கைகள், தமக்கென உடைத்தன. கல் அதே கல். வெயில் அதே வெயில். தாளில் இருந்த பெயர் மட்டும் மாறியது.

இனி எங்கள் பங்கின் செய்திக்கு வருகிறேன்.

ஆலயத்தை அடுத்து 90 சென்ட் நிலமும், பழைய வெட்டுக்கிணறு ஒன்றும் உள்ளன. 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயல், இப்பகுதித் தென்னைகளை வேரோடு சாய்த்தது; தென்னந்தோப்பில் கிடைத்த கூலி வேலையும் அதனோடு சாய்ந்தது. அதிலிருந்து எழுமுன் 2020இல் கொள்ளைநோயும் ஊரடங்கும் வந்தன. சந்தை மூடப்பட்ட அந்நாட்களில், பங்குப் பெண்கள் சிலர் வந்து, "சாமி, அந்தச் சும்மா கிடக்குற இடத்துல ஆளுக்கு நாலு பாத்தி போட்டுக்கிறோம்" என்றனர். அவ்வாண்டு ஆடிப்பட்டத்தில் கருவேலை வெட்டி நிலத்தைத் திருத்தினோம். பன்னிரண்டு குடும்பங்களுக்கு நந்நான்கு சென்ட். எஞ்சியது வழி, கிணற்றடி, எருக்குழி.

இங்கே மண் செம்புறை மண். மழைநீர் நில்லாது; கோடையில் கல்லாக இறுகிவிடும். ஆயினும், இதே மாவட்டத்தின் ஒடுகம்பட்டியில் உள்ள 'கொழுஞ்சி' பண்ணை, இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் உழைப்பும் கலந்த இடம், இத்தகைய வறண்ட நிலத்தையும் தழைச்சத்தாலும் மூடாக்காலும் திருத்தலாம் என்று காட்டியிருக்கிறது. கொழுஞ்சியும் ஆவாரையும் வெட்டிப் போட்டு, சாணமும் சாம்பலும் சேர்த்து, எங்கள் பெண்களும் மூன்றே பட்டத்தில் மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிவிட்டனர். வெண்டை, கத்தரி, கொத்தவரை, பந்தலில் அவரையும் பாகலும், வரப்பில் தண்டுக்கீரையும் அகத்தியும் விளைகின்றன.

விதிகள் ஐந்தை ஒரு நோட்டில் எழுதி வைத்துள்ளனர். பாத்தி குடும்பத் தலைவியின் பெயரில் இருக்கும். கிணற்று நீர் முறை வைத்து இறைக்கப்படும். வேலியைப் பொதுவில் காக்க வேண்டும். வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியதையே விற்கலாம். தக்க காரணமின்றி ஒரு பட்டம் முழுதும் தரிசாகப் போட்டால், காத்திருக்கும் குடும்பத்துக்கு அப்பாத்தி போகும். நோயும் பிள்ளைப்பேறும் தக்க காரணங்கள்.

பன்னிரண்டில் நான்கு இந்துக் குடும்பங்கள். ஒன்று இஸ்லாமியக் குடும்பம். சாதியிலும் அவர்கள் பலதரத்தினர். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை இதே மாவட்டத்தில் நடந்தது என்பதை நாம் மறத்தற்கில்லை. அத்தகைய மண்ணில் ஒரே கிணற்றில், ஒரே கயிற்றில், முறை வைத்து நீர் இறைப்பது சிறு செயலன்று. இதற்காக எவரும் மேடை போட்டுப் பேசவில்லை. வெண்டைக்குத் தண்ணீர் வேண்டும். முறை வந்தால் இறைக்க வேண்டும். அவ்வளவே.

இந்நிலையில், பங்குப் பேரவையில் நியாயமான குரல் ஒன்று எழுந்தது. "கோயில் கூரை ஒழுகுது சாமி. ரோட்டோரமா ஆறு கடை கட்டிவிட்டா மாசாமாசம் வாடகை வரும். காய்கறியில கோயிலுக்கு என்ன வருது?" என்றார் முதிய அன்பர் ஒருவர். தைலமரம் நடலாம், செலவின்றிப் பணம் வரும் என்றனர் வேறு சிலர். இவர்களைச் சுயநலக்காரர் என்று தள்ளிவிட முடியாது. கூரை ஒழுகுவது உண்மை. ஆலயச் சொத்து ஆலயத்துக்குப் பயன்படவேண்டும் என்பதும் உண்மை. ஆனால் ஆலயம் என்பது கூரை மட்டும்தானா, கூரையின்கீழ் வந்து நிற்கும் குடும்பமும் சேர்ந்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்று மாலை, பாத்தி வைத்திருக்கும் மூதாட்டி ஒருவர் என்னிடம் கேட்டார்: "நீங்க இருக்குற வரைக்கும் சரி சாமி. நாளைக்கு உங்களுக்கு மாத்தல் வந்திடும். அடுத்து வர்ற சாமி வேணாம்னா, இந்த முருங்கைய நான் எங்க தூக்கிட்டுப் போவேன்?"

பேரவையில் ஒரு மணி நேரம் நடந்த விவாதத்தின் சாரம் இக்கேள்வியில் அடங்கிவிட்டது. பங்குக் குருக்கள் வருவர், போவர். எனக்கும் மாற்றல் காலம் நெருங்கிவிட்டது. என் பின் வருபவர் என்னினும் நல்லவராகவே இருக்கட்டும். ஆயினும், நல்லவர் ஒருவரின் மனத்தை நம்பி நடப்பட்ட மரம், மனம் மாறினால் வெட்டப்படும் மரமே. லெமீர் அடிகளார் 1896இல் சங்கம் கண்டது இதனை உணர்ந்ததால்தான் என்று கருதுகிறேன்.

நம் ஊரில் வாடகை, குத்தகை என்றாலே பதினொரு மாத ஒப்பந்தம்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் சொல்வதால், அதனைத் தவிர்க்க எழுந்த வழக்கம் இது. பதினொரு மாதத்தில் என்ன விளையும்? கீரை 25 நாளில் வரும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கும். வாழையோ தார் வெட்ட ஏறத்தாழ ஓராண்டு கேட்கும். மர முருங்கையும் எலுமிச்சையும் ஆண்டுக்கணக்கில் கேட்கும். மண்ணைத் திருத்தும் உழைப்புக்கு அதைவிடப் பொறுமை வேண்டும். நாளை நிலம் நமதன்று என்று எண்ணுபவள் எருக்குழி வெட்டமாட்டாள். கல்தூண் ஊன்றிப் பந்தல் போடமாட்டாள். குத்தகையின் நீளம் எவ்வளவோ, வேரின் ஆழமும் அவ்வளவே.

ஆகவே, பேரவையில் பலமுறை பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். சாலையோரம் 15 சென்ட் கடைகளுக்கு. அதன் வாடகை கூரைக்கு. கிணறு உட்பட எஞ்சிய 75 சென்ட் தோட்டத்துக்கு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம் ஒன்றைப் பதிவு செய்யலாம். பன்னிரண்டு பெண்கள் கையொப்பமிட ஆயத்தமாக உள்ளனர். அச்சங்கத்துக்குப் பத்தாண்டுக் குத்தகையை முறைப்படி பதிவு செய்து தர வேண்டும் என்பதே எங்கள் தீர்மானம். நிலம் மறைமாவட்டத்துக்கு உரியதாதலால், எழுத்துமூலமான இசைவு வேண்டி ஆயர் இல்லத்துக்கு விண்ணப்பம் அனுப்பியுள்ளோம். பதில் இன்னும் வரவில்லை. பதில் எவ்வாறு இருக்கும் என்று நான் சொல்வதற்கில்லை. நியாயங்களை எடுத்து எழுதியிருக்கிறேன்.

பாத்திக்கு ஆண்டொன்றுக்கு 120 ரூபாய் வாடகை என்று வைத்தபோது, ஏழைகளிடம் வாங்குவதா என்று சிலர் முகம் சுளித்தனர். வாங்கத்தான் வேண்டும் என்று முதலில் சொன்னவர்கள் அப்பெண்களே. இலவசமாகக் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். வாடகை வாங்கினால் இரசீது கொடுக்க வேண்டும். அந்த இரசீதைத் தகரப் பெட்டியில், ஞானஸ்நானச் சான்றிதழோடும் குடும்ப அட்டையோடும் சேர்த்து வைக்கிறார்கள். 'பங்குச் சாமி கொடுத்தார்' என்று சொல்வதற்கும், 'எங்கள் சங்கத்துக்கு உரியது' என்று சொல்வதற்கும் உள்ள தூரம் அந்தத் தாளின் அகலம்தான். ஆனால் அத்தூரத்தைக் கடக்க எத்தனையோ ஏழைகளுக்கு ஒரு தலைமுறை போதவில்லை.

வாசக அன்பர்களே! உங்கள் ஊரிலும் ஆலயத்தை ஒட்டியோ, பள்ளிக்குப் பின்னாலோ, பராமரிப்பின்றி முள் மண்டிய இடம் இருக்கக்கூடும். அதனருகிலேயே கொல்லையற்ற குடும்பங்களும் இருக்கும். அவ்விரண்டையும் சேர்த்து வைக்க விரும்புவீர்களாயின், விதை வாங்குமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். கயிறு பிடித்து அளந்து வீட்டுக்கொன்றாகப் பிரியுங்கள். பொதுவில் எல்லாரும் சேர்ந்து உழுவோம் என்பது கேட்க இனிது, ஆனால் களை எடுக்கும் நாளில் எல்லாரும் வருவதில்லை. நீரையும் வேலியையும் மட்டும் பொதுவில் வையுங்கள். மூன்றாவதாக, எத்தனை ஆண்டு, யார் பெயரில், என்ன வாடகை என்பதை எழுதிப் பதிவு செய்யுங்கள். கொடுப்பவர் நல்லவராயிற்றே, எழுத்து எதற்கு என்று கேளாதீர்கள். நல்லவர் இருக்கும்போதுதான் எழுதிக்கொள்ள முடியும்.

மண் நம்மிடம் இருக்கிறது. கிணற்றில் நீர் இருக்கிறது. உழைக்கும் கைகளுக்கும் குறைவில்லை. எழுத்தும் கையொப்பமுமே வேண்டப்படுகின்றன. அவை கிடைத்தால், அடுத்து எங்கள் பங்குக்கு வரும் குருவானவர் பந்தலில் காய்த்துத் தொங்கும் அவரையைக் காண்பார். அதற்காக அவர் யாருக்கும் அனுமதி தரவேண்டியிராது. அவர்கள் மனமுவந்து கொடுத்தால், ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்ளலாம்.